ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பதினொரு மாதம் பிந்தினேன்

என் மகன் 2021 ஜூன் மாதம் பிறந்தான். பிறக்கும்போது எடை 2.9 கிலோ. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. தடுப்பூசி எதையும் தவறவிடவில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், குழந்தையைக் கவனிக்காதவர்களுக்குத்தான் ரத்தசோகை, பேச்சுத் தாமதம் என்று இப்படியெல்லாம் நேரும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் மாமியும் குழந்தையும்தான். பிறகு நடந்தவற்றை அநேகமாகத் தனியாகவே சுமந்தேன். அன்று எவரேனும் ஒருவர் என்னை உட்கார வைத்து இவற்றைச் சொல்லியிருந்தால் என்று எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தைக்கு ஒன்பது மாதமானபோது வேலைக்குத் திரும்பினேன். அதுவரை ஏத்தங்காய்ப்பொடியில் (நேந்திரங்காய்ப் பொடி) காய்ச்சிய கூழும் பருப்புச்சோறும் கொடுத்து வந்தோம். நான் போன பிறகு, எழுபது வயதை நெருங்கும் மாமிக்குக் குழந்தையின் பின்னால் கிண்ணத்தோடு நடப்பது முடியாத காரியமாகிவிட்டது. சோறு தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருந்ததால் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்தே கொடுத்தார். அதையும் அவன் துப்பத் தொடங்கியதும் பசும்பால் புட்டி வந்தது. ஒன்றரை வயதில் காலையில் ஒன்று, பகலில் இரண்டு, மாலையில் ஒன்று, தூங்கும்போது ஒன்று என ஐந்து புட்டி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு புட்டிக்கு 200 மில்லி என்றால் நாளுக்கு ஒரு லிட்டர். பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். கன்னம் உப்பியிருந்தான், தாய் சேய் நல அட்டையில் எடைப்புள்ளி பச்சைப் பகுதியில்தான் இருந்தது. எடையைத் தவிர வேறெதையும் அந்தப் புள்ளி சொல்லாது என்பது எனக்குத் தெரியாது.

அடுத்து வந்தது கைபேசி. மாலையில் களைத்து வீடு திரும்பும் நான், அவன் வாயில் நாலு கவளமாவது போய்விட வேண்டும் என்ற தவிப்பில், படப்பாட்டுகளை ஓடவிட்டு ஊட்டினேன். திரையைப் பார்த்தபடி வாயைத் திறப்பான். எதைத் தின்கிறோம், யார் ஊட்டுகிறார்கள் என்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். பகலில் மாமிக்கும் அதுவே கைகொடுத்தது. கணக்குப் பார்த்தால் நாளுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் திரை பார்த்திருக்கிறான். இரண்டு வயதுக்குள் ஆங்கில எழுத்துகள் முழுவதையும் வரிசையாகச் சொன்னான். உறவினர்கள் மெச்சினார்கள், நானும் பூரித்துப்போனேன். அதே பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் ‘தண்ணி’ என்று கேட்கத் தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பானையருகே நிறுத்துவான். பேச்சு என்பது இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கும் சொல்வதற்கும் உள்ளது. மனப்பாடமாக ஒப்பிப்பது பேச்சு ஆகாது என்பதை நான் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். ஐந்து வயதுக்குட்பட்டோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையும்வரை திரையே காட்ட வேண்டாம் என்றும், அதன்பின் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதை நான் படித்தபோது அவனுக்கு இரண்டரை வயது.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ஒன்றரை வயதுக்கு முன்பே சுவரில் உதிர்ந்த காரையைப் பொறுக்கித் தின்னத் தொடங்கினான். முற்றத்து மண்ணையும் வாயில் போடுவான். வயிற்றில் பூச்சி என்று சொல்லி மாமி வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். எதற்கெடுத்தாலும் சிணுங்குவான், சீக்கிரம் களைப்பான், இரவில் புரண்டுகொண்டே இருப்பான். உதடும் உள்ளங்கையும் வெளுத்திருந்ததை, பிள்ளை நிறமாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு வயதில் சொன்ன ‘அம்மை’, ‘பா’ ஆகியவற்றோடு ஒன்றரை வயதில் ஒரே ஒரு சொல்தான் கூடியிருந்தது. நான் கவலைப்பட்டபோதெல்லாம் மாமி, “இவன் அப்பனும் மூணு வயசிலதான் வாயத் தொறந்தான் மக்ளே, ஆம்பிளப் பிள்ள பைய தான் பேசும்” என்று தேற்றினார். அவர் அன்பினால் சொன்னார். ஆனால் ஒன்றரை வயதில் சில சொற்களாவது இல்லையென்றாலும், இரண்டு வயதில் ‘பால் தா’, ‘அம்மா வா’ போல இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையென்றாலும், காத்திருக்காமல் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது. மண்ணும் காரையும் சுண்ணாம்பும் தின்கிற குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கக்கூடும் என்பதை மட்டுமாவது ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றேன். நல்ல கூட்டம். சாப்பிடவில்லை என்று நான் சொன்னதற்குப் பசி எடுக்க ஒரு டானிக்கை எழுதினார்கள். பேசவில்லை என்று சொன்னபோது, வரும் என்றார்கள். எத்தனை புட்டி பால் குடிக்கிறான் என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மருந்துக்கடையில் நின்றபோது உயரமும் எடையும் அறிவும் வளரும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்த ஒரு சத்துப்பொடியை வாங்கினேன். மாதம் இரண்டு டப்பா, ஒன்று 650 ரூபாய். பொடியைப் பாலில்தான் கலக்க வேண்டும் என்பதால் பாலின் அளவு மேலும் கூடியது, இனிப்பும் கூடியது, சோறு இன்னும் குறைந்தது. ‘ஆரோக்கிய பானம்’ என்ற ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதால், அந்தத் தலைப்பின்கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என்று மத்திய அரசு 2024இல் இணைய வணிகத் தளங்களிடம் கூறியது. அந்தச் செய்தியைப் பார்த்த அன்று என் அடுக்களை அலமாரியில் காலி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் பருப்பும் மல்லியும் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டு வயது கடந்தும் பேச்சு வராததால், மூளைத்திறன் வளர்ப்பதாக விளம்பரம் செய்த ஒரு மையத்துக்கு ஆகஸ்ட் மாதம் அழைத்துப்போனேன். அங்கிருந்த ஒருவர் ஐந்து நிமிடம் அவனைப் பார்த்துவிட்டு, “ஆட்டிசம் மாதிரி இருக்கு, உடனே சேர்த்துவிடுங்கள்” என்றார். அந்தச் சொல் என் மீது விழுந்த விதத்தை இப்போதும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. அன்றிரவு மஸ்கட்டுக்கு அழைத்துச் சொன்னபோது கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நீ வேலைக்குப் போகாம இருந்திருக்கலாம்” என்றார். அதற்காக அவர் பின்னர் வருந்தினார் என்றாலும், அந்த வாக்கியம் பல மாதம் என் நெஞ்சில் கிடந்தது. மூன்று மாதத்துக்கு 24,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினேன். வாரம் இரு முறை, முக்கால் மணி நேரம், ஓர் அறையில் உட்கார வைத்து ஆங்கிலப் படஅட்டைகளை வேகமாகக் காட்டுவார்கள். என்னை உள்ளே விட மாட்டார்கள். பாதியில் நிறுத்திவிடுகிறேன் என்றபோது பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். பேச்சுப் பயிற்சியோ வளர்ச்சிப் பயிற்சியோ தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவெண்ணைக் கேட்டுப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. பெற்றோரை உடன் இருத்தி, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தராத பயிற்சியில் பணம் கட்டாதீர்கள். மொத்தமாக முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த மூன்றையும் விலை கொடுத்துக் கற்றேன்.

டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் பகுதி அங்கன்வாடி டீச்சர், எடை பார்க்கக் குழந்தையை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டு வீட்டுக்கே வந்தார். முன்பும் வந்திருக்கிறார். அவர் கொடுத்த சத்துமாவுப் பாக்கெட்டுகளைக் கோழிக்குக் கரைத்து வைத்தவள் நான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம், அவற்றோடு சேர்த்த தாது உப்புகளும் வைட்டமின்களும் கொண்ட மாவு அது. இலவசமாக வருவதால் அதை மட்டமானதாக எண்ணி, கடையில் 650 ரூபாய் கொடுத்து டப்பா வாங்கினேன். டீச்சர் அவனை மடியில் வைத்துக் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், “ஒரு நாளைக்கு எத்தன குப்பி பால் மக்ளே?” என்று கேட்டார். ஐந்துக்குக் குறையாது என்றதும் அவர் முகம் மாறியது. அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வரும் நடமாடும் மருத்துவக் குழு அடுத்த வாரம் வருவதாகவும், அன்று கட்டாயம் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளின் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் குழு அது. அவர்கள் சீட்டு எழுதி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே முதல் நாளே ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.4. இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறு குழந்தைக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பணம் எதுவும் வாங்கவில்லை. வெளியில் எடுத்திருந்தாலும் சில நூறு ரூபாய்தான். ஜனவரியிலேயே எடுத்திருக்க வேண்டிய அந்தச் சோதனையை டிசம்பரில் எடுத்தோம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை குழந்தைக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்பு தேவை என்று நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை சொல்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. பால் வயிற்றை நிறைத்துப் பிற உணவை வெளியே நிறுத்துவதோடு, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து மற்ற உணவின் இரும்பையும் உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. மூளையில் நரம்பிழைகளுக்கு உறை உருவாகவும், ஒரு செல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் வேதிப்பொருள்கள் சுரக்கவும் இரும்பு வேண்டும். குறைந்தால் குழந்தை சோர்ந்து, எதிலும் ஆர்வமின்றி, தாயின் மடியிலேயே ஒட்டிக் கிடக்கும். சுற்றிப் பார்க்காத குழந்தை கற்பதும் குறையும். என் மகனை அப்படியே பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

இரும்பு மருந்து பற்றிச் சில விவரங்களை விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இங்கேதான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். அளவைக் குழந்தையின் எடையைக் கொண்டு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவு நம் பிள்ளைக்குப் பொருந்தாது. பாலோடும் தேயிலையோடும் கொடுக்கக் கூடாது. எலுமிச்சை அல்லது நெல்லிச் சாற்றோடு கொடுத்தால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பல்லில் கறை படியாமலிருக்க நாக்கின் பின்பக்கம் விட்டு, பிறகு தண்ணீர் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் முகம் தெளிந்துவிடும். அப்போது நிறுத்தினால் உடலின் சேமிப்பு நிறையாமல் மறுபடி இறங்கிவிடும் என்பதால், ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர வேண்டும். சரியாகக் கொடுத்தும் அளவு ஏறவில்லையென்றால் வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, இரும்பு மருந்தை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டால் சிறு குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. இனிப்பாக இருப்பதால் எட்டாத உயரத்தில் வையுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய குடற்புழு நீக்க நாள்களில் அங்கன்வாடியில் தரும் மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

புட்டியை நிறுத்தியது பத்து நாள் போராட்டம். பாலை நாளுக்கு 400 மில்லிக்குக் குறைத்து, டம்ளரில் மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். முதல் நான்கு நாள் அவன் ஏறக்குறைய ஒன்றுமே தின்னவில்லை, மாமி அழுதார், நான் உறுதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய்யாகும், ஓர் இரவு பாதிப் புட்டி கொடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் பசி வந்தது. அரைத்த உணவிலேயே பழகியதால் மெல்லத் தெரியவில்லை. ஒன்பது மாதத்தில் பழக வேண்டிய கட்டி உணவை இரண்டரை வயதில் பழக்கினோம்: முதலில் விரலால் நசுக்கிய மட்டி வாழைப்பழம், பிறகு வெந்த ஏத்தன்பழத் துண்டு, பிறகு முள் எடுத்த சாளை மீன். ரத்தம் ஊறும் என்று நான் வாரந்தோறும் வாங்கிய மாதுளையில் நிறம்தான் உண்டு, இரும்பு மிகச் சொற்பம். ஈரல், கோழி, மீன் ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேரும். சிறுபயறு, முருங்கைக்கீரை ஆகியவற்றின் இரும்பு சேர வைட்டமின் சி துணை வேண்டும் என்பதால், பயற்றில் எலுமிச்சை பிழிந்தோ பின்னால் ஒரு துண்டு கொய்யா கொடுத்தோ பழக்கினேன். மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) நம் ஊரில் எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் அது மாவு மட்டுமே. மீன்கறியோடு சேர்த்தால்தான் பிள்ளைக்கு உணவாகும். டீச்சர் கற்றுத்தந்த ஒரு வழி எனக்கு மிகவும் உதவியது: தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பயறு, பால், மீனும் இறைச்சியும், முட்டை, கீரையும் மஞ்சள் நிறக் காய்கனியும், மற்றக் காய்கனி ஆகிய எட்டு வகையில் அன்று குறைந்தது ஐந்து வகை வந்ததா என்று இரவில் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது.

பேச்சுக்கு வருகிறேன். முதலில் காதைச் சோதித்தார்கள். பேசாத குழந்தைக்கு எந்தப் பயிற்சிக்கும் முன் செய்ய வேண்டியது கேட்கும் திறன் சோதனை. அந்த மையத்தில் மூன்று மாதம் பணம் வாங்கியவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. காது நன்றாக இருந்தது. குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பல நாள், பல மணி நேரம் அவனோடு விளையாடிப் பார்த்த பிறகு, இது ஆட்டிசம் இல்லை, மொழி வளர்ச்சியில் தாமதம் என்றார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். கைபேசியாலோ பாலாலோ ஆட்டிசம் வந்துவிடுவதில்லை. அது எந்தத் தாயின் குற்றமும் இல்லை. சோதனையில் அப்படித் தெரியவந்திருந்தாலும் நான் செல்ல வேண்டிய இடம் அதே இடம்தான், தொடங்க வேண்டியதும் அதே நாளில்தான்.

பேச்சுப் பயிற்சியாளர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கைபேசியை வேறு அறையில் வைக்கச் சொன்னார். உணவும் பேச்சும் எனக்கு இரண்டு தனிப் பிரச்சினைகளாக இருந்தன. ஒன்றுக்கு டப்பாவும் மற்றதற்கு மையமுமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கவளம் ஊட்டும்போது குழந்தை நம் முகத்தைப் பார்க்கிறது, நாம் அதன் பெயரைச் சொல்கிறோம், அது கை நீட்டுகிறது, நாம் பதில் தருகிறோம். இரண்டு ஆண்டுகள் நாளுக்கு மூன்று வேளையும் நடந்திருக்க வேண்டிய அந்த உரையாடலின் நடுவில் திரையை வைத்தது நான். அவர் சொல்லித்தந்தவை எளியவை. கேள்வியாகக் கேட்டுத் துளைக்காமல் நாம் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்வது. அவன் ஒலி எழுப்பினால் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருப்பது. ‘மீன்’ என்றால் ‘சூடு மீன்’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்வது. விளையாட்டுப் பொருள் வாங்க வேண்டாம் என்றார். சிரட்டைகளை அடுக்கினோம், பயறு உரித்தோம், மட்டிப்பழச் சீப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து எண்ணினோம். மாமியிடம் அறுபது ஆண்டுப் பழமையான தாலாட்டும் கைதட்டுப் பாட்டும் இருந்தன; கைபேசி வந்ததும் அவர் வாய்மூடிப் போயிருந்தார். மறுபடி பாடச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் பின்னர் படித்தேன். சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்குச் சென்று, கையால் செய்த பொருள்களோடு விளையாடத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தார்கள்; இரண்டே ஆண்டுகள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்ட காலப் பயன் தெரியவில்லை. தாயோ பாட்டியோ தினம் அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாடுவதை இனி எவரும் வெட்டிவேலை என்று சொல்லக் கேட்டால் நான் சும்மா இருப்பதில்லை.

2024 ஏப்ரலில் ஹீமோகுளோபின் 11.6 ஆனது. காரை தின்பது அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. பிப்ரவரி முதல் அங்கன்வாடிக்கு அனுப்பினேன். வாரத்தில் மூன்று நாள் முட்டை கிடைத்தது என்பதைவிட, பக்கத்தில் இருந்த பிள்ளைகள் தின்பதைப் பார்த்து அவனும் தின்றான், அவர்களிடம் பந்தைப் பிடுங்கப் பேசியே ஆக வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அவன் சொல்லும் புதுச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். மூன்றாவது பிறந்தநாளில் 182. அதன்பின் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செலவையும் எழுதிவிடுகிறேன். சத்துப்பொடி 14,300, மையம் 24,000, கைபேசிச் செயலிக்கும் படஅட்டைகளுக்கும் 6,800, மையத்துக்குப் போய்வந்த வாடகைக் கார் 10,800, விடுப்பால் இழந்த சம்பளம் 7,000. மொத்தம் 62,900 ரூபாய். குணமான வழிக்கு ஆனது ஆசாரிப்பள்ளம் போய்வந்த பேருந்துக் கட்டணமும் மீனும் முட்டையும்தான். பணத்தை மறந்துவிடலாம். மூளை மிக வேகமாக வளரும் காலத்தின் பதினொரு மாதத்தை எப்படி ஈடுசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவனுக்கு நான்கு வயது. வாக்கியமாகப் பேசுகிறான், ஆனால் ‘ர’ இன்னும் வரவில்லை. புதியவர்களுக்குப் பாதிதான் புரிகிறது. மாதம் இருமுறை பயிற்சிக்குப் போகிறோம். இரவில் புட்டியோடு தூங்கியதால் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் சொத்தையாகிவிட்டன. வியாழக்கிழமை பல் மருத்துவரிடம் போக வேண்டும். ஊசி போடுவார்களா என்று நேற்றிலிருந்து எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.